காண்டாமிருகக் கன்னைப் புலி அடிக்குறப்ப தாய் என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்?

#1 செல்லூர் செல்வம்

நேத்து ராத்திரி டிவியில ஆப்பிரிக்கா காடு பத்தி ஒரு நிகழ்ச்சி. காண்டாமிருகக் கன்னு ஒன்னை நாலஞ்சு கழுதைப்புலி சுத்தி வளைக்குது. தாய் ஒரு பக்கம் திரும்பி முட்டப் போனா, அந்தப்பக்கம் இருந்து ஒன்னு வந்து கன்னு வாலைப் பிடிச்சு இழுக்குது. எம் பையன் ஆறாவது படிக்குறான். "அம்மாவுக்கு அம்புட்டுப் பெரிய கொம்பு இருக்கே, ஒரே குத்துல முடிச்சிருக்கலாமே"ங்கிறான். என்னத்தச் சொல்ல?

நம்ம நாட்டுக் காண்டாமிருகத்துக்கும் இந்தத் தொல்லை உண்டா? புலி அதுகிட்டப் போகுமா? அசாம் பக்கம் வேலை பாத்தவுக, படிச்சவுக யாராச்சும் சொல்லுங்கப்பா.

#2 வாடிப்பட்டி மாப்ள

கொம்பு வச்சிருக்கதெல்லாம் ஒரே குத்துல முடிச்சிரும்னா அலங்காநல்லூர்ல ஒரு பய வாடிவாசல் முன்னாடி நிக்க மாட்டான்ணே. பையன்கிட்ட இதையே சொல்லுங்க.

#3 உசிலை ரிட்டயர்டு

செல்வம் தம்பி, நான் அசாம்ல ஃபோர்ஸ்ல இருந்தவன். காசிரங்கா தேசியப் பூங்கா வழியா போற நெடுஞ்சாலையில டூட்டி பாத்திருக்கேன், லீவு நாள்ல உள்ளயும் போயிருக்கேன். புலி போகுமான்னு கேட்டீக. நல்லாப் போகும். அங்க காண்டாமிருகக் கன்னுக்கு இருக்கிற ஒரே பெரிய மிருக எதிரி புலிதான்.

மொதல்ல அந்த இடம் எப்படின்னு தெரியணும். டிவியில வர்ற ஆப்பிரிக்கா பொட்டல் கிடையாது. பிரம்மபுத்திரா கரை. யானைப்புல்லு, நாணல் எல்லாம் ஜீப்பை முழுசா மறைக்குற உசரத்துக்கு நிக்கும். அதுக்கு நடுவுல மிருகங்க நடந்து நடந்து உண்டான தடம், சுரங்கம் கணக்காப் போகும். காண்டாமிருகத்துக்குக் கண்ணு மந்தம், மூக்கும் காதும்தான் கூர்மை. தாய் தலையைக் குனிஞ்சு மேஞ்சுக்கிட்டே முன்னேறும். கன்னு வெளையாட்டுப் புத்தியில நாலு எட்டு பின்தங்கிரும். அந்த நாலு எட்டுதான் புலிக்கு வேணும். புலி எதுத்து வந்து சண்டை போடாது. காத்துக்கு எதிர்ப்பக்கமாப் படுத்துக் கெடக்கும், தாய்க்கு வாடை போகாது. கன்னு கத்துன சத்தம் கேட்டுத் தாய் திரும்புறதுக்குள்ள புல்லுக்குள்ள இழுத்துரும்.

2022 கணக்கெடுப்புல காசிரங்காவுல மட்டும் 2,613 காண்டாமிருகம். அதே காட்டுல புலி நூத்துக்கு மேல. அம்புட்டையும் ஒரே எடத்துல வச்சா உரசாம இருக்குமா? புலிக்கு அங்க காட்டெருமை, சேத்துமான், காட்டுப்பன்னி எல்லாம் ஏராளம். ஆனா தனியா நிக்குற கன்னு கெடைச்சா விடாது.

#4 பரங்குன்றம் கால்நடை அக்கா

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். காண்டாமிருகத்துக்கு வைத்தியம் பார்த்ததில்லை, படித்ததும் கேட்டதும்தான். செல்வத்தோட பையன் கேட்டது நல்ல கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நம்ம நாட்டு ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் சண்டையில முக்கியமா நம்புறது கொம்பை இல்ல, பல்லை. கீழ்த்தாடையில இருக்கிற வெட்டுப்பல் ரெண்டும் நீண்டு, கூரா கத்தி மாதிரி இருக்கும். தலையைத் தாழ்த்தி ஓடி வந்து வாயைத் திறந்து கிழிக்கும். ஆண் காண்டாமிருகங்கள் ஒன்னோட ஒன்னு மோதுறப்ப ஆழமான காயம் அந்தப் பல்லாலதான் வருது. ஆப்பிரிக்காவுல இருக்கிற கறுப்பு, வெள்ளை ரெண்டு இனத்துக்கும் முன்பல்லே கிடையாது. அதுங்களுக்குக் கொம்புதான் எல்லாம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி கொம்பு வெட்டுற பேச்சு வந்தா உதவும்.

பிறந்த கன்னுக்கு கொம்பும் இல்ல. எடை அறுபது கிலோ சுமார். வளர்ந்த ஆண் புலி இருநூறு கிலோவை ஒட்டி இருக்கும். தாய் ஆயிரத்து அறுநூறு கிலோ. ஆக சண்டை புலிக்கும் தாய்க்கும் நடந்தா புலி ஓடியாகணும், புலிக்கும் கன்னுக்கும் நடந்தா ஒரு நிமிசம். கன்னுத் தோலும் தாயோடது மாதிரி தடிச்சு மடிப்பு விழுந்து கேடயமா இருக்காது.

சினைக்காலம் பதினஞ்சு பதினாறு மாசம். ஒரு ஈத்துக்கு ஒரே கன்னு. அடுத்த கன்னு வர்றதுக்கு மூணு வருசம் ஆகும், அது பிறக்கிற வரைக்கும் மூத்தது தாயை விட்டு நகராது. புலி அடிக்குறது பெரும்பாலும் முதல் வருசத்துக் கன்னு. வளர்ந்த காண்டாமிருகத்தைப் புலி கொன்னதாவும் பதிவு இருக்கு, ஆனா ரொம்ப அபூர்வம். அதுவும் வயசானது, காயம்பட்டது மாதிரி.

#5 சும்மா_கேக்குறேன்

எல்லாப் பழியும் புலி மேல. செத்துக் கெடக்குற கன்னு பக்கத்துல புலித்தடம் இருந்தா "புலி அடிச்சது"ன்னு எழுதி ஃபைலை மூடிருவாங்க. தானாச் செத்ததைப் புலி வந்து தின்னிருக்கலாம். ஆம்பளக் காண்டாமிருகம் முட்டிக் கொன்னிருக்கலாம். வேட்டைக்காரன் வேலையாக்கூட இருக்கலாம். யாரு பாத்தா?

#6 பரங்குன்றம் கால்நடை அக்கா

தம்பி, சந்தேகப்படுறது சரிதான். ஆனா கண்ணால பார்க்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கு, இது எங்க தொழில்.

உயிரோட இருக்கும்போது கடி விழுந்தா, பல் இறங்கின துளையைச் சுத்தி தோலுக்கு அடியில ரத்தம் கட்டும். தோலை உரிச்சுப் பார்த்தா கருஞ்சிவப்பா உறைஞ்சு கிடக்கும். செத்த பிறகு கடிச்சா அங்க ரத்தக்கட்டு இருக்காது, ஏன்னா ஓட்டம் நின்னு போச்சு. கழுத்திலயும் தொண்டையிலயும் கோரைப்பல் துளை ஜோடி ஜோடியா இருக்கான்னு பார்க்கணும், ரெண்டு துளைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அளக்கணும். சிறுத்தையா புலியாங்கிறது அதுலயே பாதி தெரிஞ்சிடும். அப்புறம் இழுத்த தடம், புல் மடங்கின திசை, எந்தப் பக்கம் இருந்து தின்ன ஆரம்பிச்சிருக்குங்கிறது. புலி பொதுவா பின்தொடைப் பக்கம் தொடங்கும். ஆண் காண்டாமிருகம் கொன்ன கன்னா இருந்தா விலா உடைஞ்சிருக்கும், நீளமான பல்கிழிசல் இருக்கும், இறைச்சி அப்படியே கிடக்கும். ஆமா, தாயை விரட்டி வர்ற ஆண் குறுக்க நிக்குற கன்னைக் கொல்றதும் நடக்குறதுதான்.

வருசநாட்டுப் பக்கம் மாட்டைச் சிறுத்தை அடிச்சாலும் நிவாரணத்துக்கு எழுதித் தர்றப்ப நாங்க பார்க்கிறது இதைத்தான். தோலை உரிக்காம கையெழுத்துப் போட்டா அது சான்றிதழ் இல்ல, வெறும் காகிதம்.

#7 மேலூர் மாட்டுக்காரன்

அக்கா சொல்றது சரி. எனக்கு ஒரு விசயம் மட்டும் புரியல. கன்னு ஈன்ன பசு கிட்ட நாயி போனா எங்க தொழுவத்துல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். கயித்தை அத்துக்கிட்டு வரும். வளத்த என்னையே கிட்ட விடாது. இம்புட்டு ரோசம் இருக்கிற சாதி மிருகம் ஒரு கழுதைப்புலிக்கு கன்னைக் குடுக்குமா?

#8 கீழக்குயில்குடி கீதா

விலங்கியல் முதுகலை மாணவி. மேலூர் அண்ணனுக்கும் செல்வம் அண்ணனுக்கும் சேர்த்துப் பதில்.

ரோசத்துக்குக் குறைவில்லை, சிக்கல் எண்ணிக்கையில. தாய் ஒன்னு, கழுதைப்புலி நாலஞ்சு. ஒன்னைத் துரத்திக்கிட்டுப் பத்தடி போனா கன்னு தனியா நிக்கும். அதுக்குத்தான் அவை காத்திருக்கும். பின்னால வந்து வாலையும் காதையும் கவ்வும். தென்னாப்பிரிக்காவுல காது இல்லாத, வால் அறுந்த கறுப்புக் காண்டாமிருகங்களைப் பல காடுகள்ல பார்த்திருக்காங்க. பிறவிக் குறையா, சின்ன வயசுல கழுதைப்புலி கடிச்சதான்னு ஆய்வாளர்களுக்குள்ள ரொம்ப நாள் வாதம் ஓடுச்சு. கடிதான் காரணம்னு பீட்டர் ஹிட்சின்ஸ் 1980கள்ல அழுத்தமா எழுதினார். அதாவது காதில்லாம நடமாடுறது எல்லாம் தப்பிச்ச கன்னு. தப்பிக்காதது எத்தனைன்னு அதை வச்சு ஊகிச்சுக்கலாம்.

இன்னொன்னு, ஓடுறப்ப கன்னு எந்தப் பக்கம் இருக்குங்கிறது இனத்துக்கு இனம் மாறும். வெள்ளைக் காண்டாமிருகம் திறந்த புல்வெளியில வாழுது, கன்னு தாய்க்கு முன்னால ஓடும். பின்னால வர்றவனைத் தாய் பார்த்துக்கும். கறுப்பு வகை முள்ளுப்புதர்ல வாழுது. தாய் முன்னால போய்ப் புதரை முட்டி வழி உண்டாக்கும், கன்னு அதைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால. இப்போ பின்னால இருந்து துரத்துறவனுக்கு முதல்ல கிடைக்குறது யாரு? புதர்ல அதுக்கு வேற வழியும் இல்ல.

சிங்கமும் அடிக்கும். நமீபியாவோட எட்டோஷா தேசியப் பூங்காவுல கறுப்புக் காண்டாமிருகக் கன்னுகளைச் சிங்கம் கொன்னது 1990கள்ல பதிவாகி, 1999ல ஆய்வுக்கட்டுரையாவே வந்துச்சு. அதுக்கு முன்னாடி சிங்கம் காண்டாமிருகத்துப் பக்கமே போகாதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க.

#9 வாடிப்பட்டி மாப்ள

கீதா பாப்பா பரீட்சைப் பேப்பர் மாதிரி எழுதிருச்சு. பத்து மார்க்.

#10 அழகர்கோவில் சேகர்

கொம்பு வெட்டும் விஷயத்தை அக்கா தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற ஆப்பிரிக்காவில் கொம்பை மயக்க ஊசி போட்டு வெட்டிவிடுகிறார்கள். நகம் போன்ற பொருள்தான், வலிக்காது, மறுபடி வளரும். நமீபியா 1989லேயே தொடங்கியது. ஆனால் கொம்பில்லாத தாய் கன்றை எப்படிக் காக்கும்? ஜோயல் பெர்கர், கரோல் கன்னிங்காம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994ல் எழுதியது இதைத்தான்: கழுதைப்புலிகள் திரியும் பகுதியில் கொம்பு வெட்டப்பட்ட தாய்களின் கன்றுகள் பிழைக்கவில்லை. மனிதனுக்குப் பயந்து கொம்பை எடுத்தால் கழுதைப்புலிக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகிறது. இதுதான் பாதுகாப்பா?

#11 கீழக்குயில்குடி கீதா

சேகர் சார், அந்த ஆய்வுல இருந்த கன்னுகளோட எண்ணிக்கை விரல் விட்டு எண்ணக்கூடியது. வெளிவந்த உடனேயே நமீபியாவுல களத்துல இருந்தவங்க கடுமையா மறுத்தாங்க. அங்கேயே நாலு கறுப்புக் காண்டாமிருகக் கூட்டங்களோட தரவை வச்சு 2022ல வந்த ஆய்வு, கொம்பு வெட்டினதால கன்னு பிழைக்கிறதுல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லைன்னு சொல்லுது. இந்தப் பக்கம் 2025ல 'சயன்ஸ்' இதழ்ல வந்தது: தென்னாப்பிரிக்காவோட க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டின காப்பகங்கள்ல கொம்பு வெட்டின பிறகு கள்ளவேட்டை 78 சதவீதம் குறைஞ்சிருக்கு. தென்னாப்பிரிக்காவுல 2014ல மட்டும் 1,215 காண்டாமிருகத்தைச் சுட்டாங்க. அந்தக் கணக்கு பக்கத்துல கழுதைப்புலி கணக்கை வச்சுப் பாருங்க.

#12 அழகர்கோவில் சேகர்

வித்தியாசம் இல்லை என்பதும் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல. சிங்கமும் கழுதைப்புலியும் அடர்த்தியாக உள்ள காட்டில் அதே முடிவு வருமா? நான் வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் காட்டில் வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்ட வேண்டும் என்கிறேன்.

#13 உசிலை ரிட்டயர்டு

சேகர் சார் கேக்குறதுல நாயம் இருக்கு. காசிரங்காவுல கொம்பு வெட்டுற வழக்கம் இல்ல. அக்கா சொன்ன மாதிரி நம்மது பல்லால கிழிக்குற சாதி, அதனால வெட்டினாலும் தாய்க்குப் பெரிய நட்டம் வராதுன்னு வாதாடலாம். ஆனா அங்க வேற வழியிலயே சாதிச்சுட்டாங்க. காட்டுக்குள்ள முகாம், துப்பாக்கி, ராத்திரி ரோந்து. மழையில அட்டைக்கடியோட அந்த வனக்காவலர்க படுற பாடு நான் கண்ணால பாத்தது, எங்க ஃபோர்ஸ் வாழ்க்கையே தேவலாம்னு தோணும். 2022ல அசாம் முழுக்க ஒரு காண்டாமிருகம்கூட கள்ளவேட்டையில சாகல. 1977க்குப் பிறகு அப்படி ஒரு வருசம் அதுதான் மொதல்.

கள்ளவேட்டைக்காரன் தாயைச் சுட்டான்னா கொம்புக்காகச் சுடுறான். கன்னை அவன் தொட மாட்டான். ஆனா அந்தக் கன்னு என்ன ஆகும்? ரெண்டு நாள் தாய் பக்கத்துலயே நிக்கும். அப்புறம் புலிக்குப் போகும். அது புலி கணக்குல எழுதுவீகளா, மனுசன் கணக்குல எழுதுவீகளா?

#14 மேலூர் மாட்டுக்காரன்

அண்ணே, அப்ப புலியைக் கொஞ்சம் பிடிச்சு வேற காட்டுல விட்டா என்ன? நம்ம ஒத்தக்கொம்புக் காண்டாமிருகம் உலகத்துலயே நாலாயிரம்தான்னு படிச்சேன். புலிக்கு எருமை இருக்கு, மான் இருக்கு. கன்னை எதுக்குக் குடுக்கணும்?

#15 உசிலை ரிட்டயர்டு

தேவையில்ல தம்பி. ஏன்னு சொல்றேன்.

பொறக்குற கன்னுல நூத்துக்குப் பத்துல இருந்து இருவது வரைக்கும் புலிக்குப் போகுதுன்னு காசிரங்கா பத்திப் பொதுவாச் சொல்லுவாக. கேக்கப் பெருசாத்தான் இருக்கு. ஆனா 1999ல 1,552ஆ இருந்த எண்ணிக்கை 2022ல 2,613. புலி தின்னுக்கிட்டு இருக்கும்போதே ஏறின கணக்கு இது. கன்னு போச்சுன்னா தாய் சீக்கிரமே மறுபடி சினைக்கு வரும், அக்காவுக்கு இது நல்லாத் தெரியும். தாயே போச்சுன்னா அது இன்னும் ஈனவேண்டிய கன்னு அம்புட்டும் போச்சு. காண்டாமிருகக் கணக்குல நட்டம் எங்க விழுதுன்னு பாக்கணும்னா கன்னைப் பாக்கக்கூடாது, பொட்டையைப் பாக்கணும்.

குவாஹாத்தி பக்கத்துல போபிதோரான்னு ஒரு சின்ன சரணாலயம் இருக்கு. அங்க புலி இல்ல. கன்னு நல்லாத்தான் பொழைக்குது. கொஞ்ச எடத்துல நூத்துக்கு மேல நெருக்கிக்கிட்டு நின்னு, மேய எடம் பத்தாம ஊருக்குள்ள வயலுக்கு வருது. புலி இல்லாட்டி எல்லாம் சுகம்னு இல்ல.

#16 பரங்குன்றம் கால்நடை அக்கா

சினைக்கு வர்றது உண்மைதான். பால்குடி நின்னா மாட்டுக்கும் அதேதான்.

ஆனா ஒரு இடத்துல உசிலை அண்ணன் பேச்சை நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். ரெண்டாயிரத்து அறுநூறு இருக்கிற காட்டுக்கு அது சரி. அசாம்லயே இருக்கிற மானஸ் தேசியப் பூங்கா மாதிரி இடத்துக்கு? அங்க 1990கள் கலவரத்துல காண்டாமிருகம் சுத்தமா அழிஞ்சு போய், 2008ல இருந்து 2012 வரைக்கும் போபிதோரா, காசிரங்காவுல இருந்து பதினெட்டைக் கொண்டு போய் விட்டாங்க. அதோட காசிரங்கா வெள்ளத்துல தாயைப் பிரிஞ்ச கன்னுகளைப் புட்டிப்பால் குடுத்து வளர்த்து அனுப்பினதும் உண்டு. பதினெட்டுல ஒரு பொட்டைக் கன்னு புலிக்குப் போச்சுன்னா அது ஒரு தலைமுறை. அந்த மாதிரி இடத்துல மட்டும் தாயும் கன்னும் எங்க மேயுதுன்னு ஆள் போட்டுப் பின்தொடர்றதுல தப்பில்ல. புலியைப் பிடிக்கணும்னு நான் சொல்லல.

#17 தேனி காட்டுப்பூனை

இதுக்கு எதுக்கு அசாம்? நம்ம மேகமலையில வந்து பாருங்க. காட்டுமாட்டுக் கன்னை செந்நாய்க் கூட்டம் பிரிக்குற அழகு! தாய் அரை டன்னுக்கு மேல. செந்நாய் ஒன்னு பதினஞ்சு கிலோ. அங்கயும் கூட்டந்தான் ஜெயிக்குது. மேகமலை ஸ்ரீவில்லிபுத்தூரை 2021ல புலிகள் காப்பகமா அறிவிச்சப்ப நம்ம ஊர்ல கொஞ்சப் பேர் காட்டுமாடு கொறஞ்சு போயிரும்னு பேசுனாக. கொடைக்கானல்ல இப்ப காட்டுமாடு ரோட்டுல நிக்குது, பஸ்ஸுக்கு வழி விடமாட்டேங்குது. புலியை வரச்சொல்லுங்க மொதல்ல.

#18 சும்மா_கேக்குறேன்

கொடைக்கானல் ஏரிக்கரையில புலி வந்தா டூரிஸ்ட் குறையும், ரூம் வாடகையும் குறையும். எனக்குச் சம்மதம்.

#19 நெறியாளர்

காட்டுமாட்டுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு. கொடைக்கானல் ரூம் வாடகைக்கும் இருக்கு. இங்கிட்டு காண்டாமிருகம் மட்டும்.

#20 கீழக்குயில்குடி கீதா

கொன்று தின்கிற மிருகம் மட்டும்தான் ஆபத்துன்னு யாரும் நினைச்சுடக் கூடாதுன்னு ஒன்னு சேர்த்துக்கிறேன். தென்னாப்பிரிக்காவுல பிலானஸ்பெர்க் காட்டுல 1992ல இருந்து 1997க்குள்ள நாப்பதுக்கு மேல வெள்ளைக் காண்டாமிருகம் செத்துச்சு. கொன்னது யானை. க்ரூகர்ல கூட்டத்தைச் சுட்டுக் குறைச்சப்ப அனாதையான குட்டி யானைகளை அங்க கொண்டு வந்து விட்டிருந்தாங்க. பெரிய ஆண் யானை எதுவும் இல்லாம வளர்ந்ததால அதுங்களுக்கு மதம் சின்ன வயசுலயே வந்து, ரொம்ப நாள் நீடிச்சுது. 1998ல வயசான ஆண் யானைகள் ஆறைக் கொண்டு வந்து விட்டாங்க. கொலை நின்னு போச்சு.

#21 வாடிப்பட்டி மாப்ள

வீட்டுல பெரிய மனுசன் இல்லாட்டி யானைப் பயலும் ரவுடியாத்தான் திரிவான் போல.

#22 அழகர்கோவில் சேகர்

உசிலை அண்ணனுக்கு ஒரு கேள்வி. வெள்ளத்தில் கன்றுகள் இறப்பது அதிகமா, புலியால் அதிகமா? பத்திரிகைகளில் ஒவ்வொரு ஜூலையும் வெள்ளச் செய்திதான் வருகிறது.

#23 உசிலை ரிட்டயர்டு

வருசத்துக்கு வருசம் மாறும் சார். 2017ல வெள்ளம் ரொம்ப மோசம், முன்னூறுக்கு மேல மிருகம் செத்துச்சு, அதுல மான்தான் அதிகம். ஆனா வெள்ளத்தையும் புலியையும் தனித்தனியாப் பிரிக்க முடியாது. தண்ணி ஏறினா எல்லா மிருகமும் மேட்டுக்குப் போகும், இல்லாட்டி ரோட்டைத் தாண்டி கார்பி ஆங்லாங் மலைக்கு ஏறும். மேடு கொஞ்சந்தான். அதுலயே காண்டாமிருகமும் நிக்கும், புலியும் நிக்கும். நீந்தி வர்ற வழியில தாயை விட்டுப் பிரிஞ்ச கன்னு களைச்சுப் போய்க் கெடக்கும். அந்த நேரத்துல லாரிக்காரன் வேகமா வராமப் பாத்துக்குறதுதான் அங்க பெரிய வேலை. இப்ப காட்டுக்குள்ளேயே செயற்கை மேடு நெறைய கொட்டியிருக்காக.

வெள்ளமே வராம இருந்தா நல்லதுன்னும் சொல்ல முடியாது. வெள்ளம் வந்து வண்டல் போடாட்டிப் புல்வெளி மரக்காடாயிரும். அப்புறம் காண்டாமிருகம் எங்க மேயும்?

#24 செல்லூர் செல்வம்

எல்லாருக்கும் நன்றி. பையனுக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். "அப்ப புலி கெட்டது இல்லையா"ன்னு கேட்டான், புலிக்கும் குட்டி இருக்குடான்னு அவுக ஆத்தா சொல்லிட்டா. இப்ப காசிரங்கா கூட்டிட்டுப் போன்னு ஒரே அடம். மைசூர் ஜூவுல காட்டுறேன்னு சொன்னேன், அது கம்பிக்குள்ள இருக்குன்னு வேணாங்கிறான். மதுரையில இருந்து ரயில் உண்டா? எந்த மாசம் போகணும்?

#25 உசிலை ரிட்டயர்டு

நேரா இல்ல தம்பி. கன்னியாகுமரி திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் திருவனந்தபுரம், பாலக்காடு, கோயம்புத்தூர் வழியாச் சுத்திப் போகுது, மதுரைக்கு வராது. நீங்க கோயம்புத்தூர் போய் ஏறி குவாஹாத்தியில எறங்கணும். மூணு நாள் சாப்பாட்டுக்கு வீட்டுலயே புளிச்சோறு, தட்டை எல்லாம் கட்டிக்கங்க, ஒடிசா தாண்டினா இட்லி மறந்துருங்க. இல்லாட்டி சென்னை போய் ப்ளைட்டு.

மழைக்காலம் முழுக்கப் பூங்காவை மூடிருவாக. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போகலாம். நவம்பர், டிசம்பர்ல புல்லு உசரமா நிக்கும், ஒன்னும் தெரியாது. ஜனவரிக்கு மேல வனத்துறைக்காரவுகளே பழைய புல்லைக் கொளுத்தி விடுவாக. அப்புறம் பிப்ரவரி, மார்ச்சுல இளம்புல்லு முளைக்குறப்ப தாயும் கன்னுமா வெட்டவெளியில வந்து மேயும். பையனுக்கு ஸ்கூல் இருக்கும், ஆனா அதுதான் நேரம். கோஹோராவுல தங்கிக்கிட்டு காலையில பாகோரி பக்கம் ஜீப் எடுங்க.

#26 செல்லூர் செல்வம்

மார்ச்சுல முழு ஆண்டுப் பரீட்சை நெருக்கத்துல லீவு கேட்டா ஹெட்மாஸ்டர் என்னையத்தான் முட்டுவாரு. பிப்ரவரி பாக்குறேன்ணே. ஜீப் ஆளுக்கு எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சா தனியா மெசேஜ் போடுங்க.